ஏழு வருஷக் காரில் ஆறு அடிகள்: எதைச் சரிசெய்தோம், எதை விட்டோம்

கார் என் அக்காவுடையது. வெள்ளி நிற மெட்டாலிக் ஹேட்ச்பேக், ஏழு வருஷம் ஆகிறது, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. இன்னும் நாலைந்து வருஷமாவது வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறாள். ஆனால் உடம்பில் அங்கங்கே அடி, மொத்தம் ஆறு இடம். எதுவும் விபத்தில் வந்ததில்லை. நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டியின் கதவு பட்டது, தூணில் உரசியது, சாலையில் தெறித்த கல், இப்படித்தான். ஒரு பட்டறையில் காட்டியதற்கு, வலது பக்கம் முழுக்க பட்டி (பள்ளத்தை நிரப்பித் தேய்க்கும் பசை) வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம், பம்பரையும் புதுசாக மாற்றிவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொகையைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டாள். "இதெல்லாம் செஞ்சுதான் ஆகணுமாடா? இல்ல, அப்படியே விட்டுடலாமா?"

பழைய கார் வாங்கப் போகும் தெரிந்தவர்களோடு கூடப் போய் வண்டியைப் பார்ப்பது என் வழக்கம். அதனால் விற்கும்போது எந்த அடி விலையைக் குறைக்கிறது, எது வண்டியையே அரிக்கிறது என்று ஓரளவு கண்ணுக்குப் பழகியிருக்கிறது. இந்தக் காரில் நாங்கள் எடுத்த முடிவுகளையும் அதற்கான காரணங்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பார்க்கிறவர்கள் எல்லாரும் சுட்டிக்காட்டிய அடி ஒன்று, உடனே கைவைக்க வேண்டியிருந்த அடி வேறொன்று. அந்த இரண்டாவது, கடுகளவுதான் இருந்தது.

வண்டியைப் பார்த்த விதம்

முதலில் காரைக் கழுவித் துடைத்து நிழலுக்குக் கொண்டுவந்தோம். உச்சி வெயிலில் பாதி ஒடுக்குகள் கண்ணில் படாது. நீளமான டியூப் லைட்டின் வெளிச்சம் பேனலில் கோடாக விழும்படி நின்றுகொண்டு தலையை மெதுவாக நகர்த்த வேண்டும். தகடு சரியாக இருக்கும் இடத்தில் அந்தக் கோடு நேராக ஓடும். ஒடுக்கு வந்ததும் வளைந்து, இறுகி, மறுபக்கம் விரியும். கண்ணுக்குத் தப்பியது, மெல்லிய துணியைப் போர்த்தி உள்ளங்கையால் தடவினால் கைக்குத் தெரியும்.

அப்படிப் பார்த்ததில் வலது முன் கதவின் நடுவில் நாணய அளவில் வழவழப்பான ஒரு பள்ளம். வலது பின் கதவில் ஒரு சாண் நீளத்துக்கு மடிப்பு விழுந்த ஒடுக்கு. கதவின் நீளவாக்கில் ஓடும் மடிப்புக்கோட்டை அது குறுக்கே வெட்டுகிறது. தூரத்திலிருந்தே தெரிவது இதுதான். அக்காவுக்குத் தூக்கம் கெட்டதும் இதனால்தான். அதற்குப் பின்னால், பின் சக்கர வளைவின் விளிம்பில் சின்னதாக ஒரு கொப்புளம். பின் பம்பரின் மூலை உள்ளே அமுங்கி, மேலே வேறொரு வண்டியின் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பானட்டின் முன் விளிம்பில் கல் தெறித்த புள்ளிகள். கூரையில் ஆழமே இல்லாத, உள்ளங்கை அகலப் பள்ளம் ஒன்று. அக்கா அதைப் பார்த்ததே இல்லை.

அடுத்தது நகச் சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்தால் நகம் தட்டாமல் போக வேண்டும். தட்டினால் மேல் பூச்சைத் தாண்டிக் கீறல் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கீறலின்மேல் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால், அது மேலே உள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் மட்டும் இருக்கிறது. ஈரத்திலும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நிறத்துக்கு அடியில் உள்ள பிரைமர் பூச்சு வெளியே வந்துவிட்டது. பளபளவென்றோ பழுப்பாகவோ தெரிந்தால் தகடு வரைக்கும் போய்விட்டது.

பெயின்ட் எனும் தோல்

இந்தச் சோதனைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், காரின் வெளித் தகடு பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான் தடிமன். அதைக் காப்பாற்றும் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்துச் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குள் நாலு அடுக்கு இருக்கிறது. அடியில், முழு உடலையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் துருத் தடுப்புப் பூச்சு, ஏறக்குறைய 20 மைக்ரான். அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். நாம் நிறம் என்று பார்ப்பது இதில் மிக மெல்லிய அடுக்குகளில் ஒன்று.

தொழிற்சாலையில் அந்த அடிப்பூச்சை 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்துச் சுடுவார்கள். மேல் பூச்சுகளுக்கு 140 டிகிரி அளவில் சூடு. அப்போது அது வெறும் தகட்டுக் கூடு. ஒயர், சீட், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே கிடையாது. முழுசாகப் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால் பட்டறையில் 60 டிகிரி அளவில் உலரும் வேறு ரகப் பெயின்ட் அடிக்கிறார்கள். கைதேர்ந்தவர் அடித்தால் அதுவும் பல வருஷம் நன்றாக நிற்கும். ஆனாலும் தொட்டியில் முக்கிய அந்த அடிப்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் பட்டறையில் அதே முறையில் திரும்பப் போட வழியில்லை. இதனால்தான் உடையாத கம்பெனிப் பெயின்டை, ஒடுக்கு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சுரண்டி எடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

ஆகவே எங்கள் முதல் கேள்வி அடி எவ்வளவு பெரிது என்பது இல்லை. பெயின்ட் உடைந்திருக்கிறதா என்பதுதான். உடையாத இடத்தில் ஒடுக்கு பத்து வருஷம் அப்படியே கிடந்தாலும் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. உடைந்த இடத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் செலவைக் கூட்டும்.

கடுகளவு கொப்புளம்

சக்கர வளைவுக்கு வருகிறேன். பட்டறை மதிப்பீட்டில் இதற்குத் தனி வரியே இல்லை. முழுப் பக்கமும் அடிக்கும்போது சேர்த்து மூடிவிடலாம் என்று விட்டிருந்தார்கள். துருவின்மேல் பெயின்ட் அடித்தால் அது அடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அக்காவை வேறொரு பட்டறைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெயின்டர் வயதானவர், நிதானமானவர். முதலில் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினார். உள்விளிம்பில் காய்ந்த சேறு ஒரு விரல் தடிமனுக்கு அடைந்திருந்தது. அந்தச் சேறுதான் மழை முடிந்து பல நாள் கழித்தும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது.

பிறகு வெளியே வந்து, பிளேடின் நுனியைக் கொப்புளத்தின் ஓரத்தில் வைத்து லேசாக நெம்பினார். பெயின்ட் செதிலாகக் கழன்றது. கடுகளவு தெரிந்த இடத்தைச் சுற்றி, கட்டைவிரல் நக அகலத்துக்குப் பெயின்டின் அடியில் பழுப்பு பரவியிருந்தது. நல்லவேளை, தகடு ஓட்டையாகவில்லை. குத்தூசியால் அழுத்திப் பார்த்தார், கெட்டியாக நின்றது. "இப்ப வந்தீங்க, சரி. அடுத்த வருஷம் வந்திருந்தா வெட்டி ஒட்டணும்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. கதவும் பானட்டும் போல்ட் போட்டுப் பூட்டியவை. கெட்டால் கழற்றி வேறொன்று மாட்டலாம். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத் தகடு உடலோடு வெல்டு செய்தது. அது ஓட்டையானால் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து வெல்டு அடிக்க வேண்டும். செலவு பல மடங்கு ஏறும். அதற்குப் பிறகு அந்த மூட்டுக்குள் துரு பிடிக்காமல் பார்ப்பது இன்னொரு வேலை. பல கார்களில் பெயின்டுக்கு அடியில் தகட்டின்மேலேயே இருக்கும் துத்தநாகப் பூச்சு சின்னக் கீறல்களில் இரும்பை ஓரளவு காப்பாற்றும். ஆனால் விளிம்புகளில், தகடு மடித்து நெருக்கிய இடங்களில், ஈரம் தங்கினால் அதுவும் தீர்ந்துபோகும். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, படிக்குக் கீழே உள்ள மடிப்பு இந்த மூன்றையும் யாருடைய காரானாலும் குனிந்து பார்க்கச் சொல்வேன். கடலோரத்திலும், பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் ஊர்களிலும் இன்னும் சீக்கிரமாகவே குனிய வேண்டும்.

இதற்கு அன்றே சரி சொல்லிவிட்டோம். பழுப்பு முழுதும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் போட்டு, மெல்லியதாகப் பட்டி இழுத்து, வளைவைச் சுற்றி மட்டும் நிறத்தைப் படரவிட்டார். கிளியர் கோட்டை மட்டும் அந்தப் பேனல் முழுக்க அடித்தார். பேனலின் நடுவில் நிறுத்தினால் செலவு குறையுமே என்று கேட்டேன். அந்த ஓரம் சில வருஷத்தில் உரிய ஆரம்பிக்கும் என்றார். பல பழைய கார்களில் நான் பார்த்ததும் அதுதான். உள்பக்கம் சேற்றைக் கழுவி, காயவைத்து, மெழுகுப் பூச்சு அடித்துத்தான் பிளாஸ்டிக் மறைப்பைத் திரும்ப மாட்டினார்.

பெரிதாகத் தெரிந்த ஒடுக்கு

பின் கதவு ஒடுக்கை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். மடிப்பின் உச்சியில்கூடப் பெயின்ட் வெடிக்கவில்லை. கதவு சரியாக மூடுகிறது, கண்ணாடி தடையில்லாமல் இறங்குகிறது, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. அப்படியென்றால் இது முழுக்க முழுக்க அழகு சம்பந்தப்பட்ட விஷயம்.

இதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய முறை: இழுத்து, தட்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடிப்பது. மெட்டாலிக் நிறத்தில் இதற்கு ஒரு வால் உண்டு. நிறத்தில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் எந்தச் சாய்வில் படிகின்றன என்பதைப் பொறுத்து ஒரே நிறம் வெளிறியோ கறுத்தோ தெரியும். வெள்ளி நிறத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். அதனால் கெட்டிக்கார பெயின்டர் ஒரு கதவோடு நிறுத்த மாட்டார். முன் கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நிறத்தைக் கரைத்து விடுவார். ஒரு ஒடுக்குக்கு மூன்று பேனல் பெயின்ட். பட்டறையின் மதிப்பீடு எகிறியது ஏமாற்றுவதற்காக இல்லை. அந்த வழியில் போனால் அவ்வளவு வேலை உண்மையிலேயே இருக்கிறது.

இரண்டாவது வழி, பெயின்டைத் தொடாமல் ஒடுக்கு எடுப்பது. கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஆப்பு வைத்து விரித்து, அதன் வழியாக நீளக் கம்பியை உள்ளே விட்டு, தகட்டைப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். கோடு போட்ட விளக்குப் பலகையைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பிரதிபலிப்பைப் பார்த்தபடியே கம்பியின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். ஒடுக்கு விழும்போது அதைச் சுற்றித் தகடு லேசாக மேடாகியிருக்கும்; அந்த மேட்டை மழுங்கிய பிளாஸ்டிக் முனையால் தட்டி இறக்கினால்தான் பள்ளமும் முழுதாக ஏறும். முன் கதவின் நாணய அளவுப் பள்ளம் அப்படி எடுக்க ஏற்ற ஒன்று. அகலம் எவ்வளவு என்பதைவிட மடிப்பு எவ்வளவு கூர்மை என்பதுதான் இதில் தீர்ப்பு சொல்லும். கூர்மையாக மடிந்த இடத்தில் இரும்பு நீண்டுவிட்டிருக்கும். நீண்டதைத் திரும்பச் சுருக்குவது கடினம்.

அந்த வேலை செய்கிறவர் பின் கதவைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பள்ளத்தை மேலே கொண்டுவந்துவிடலாம், மடிப்புக்கோட்டை வெட்டும் இடத்தில் ஒரு தழும்பு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். "முழுசா போயிடும்னு சொல்லி வாங்கிட்டு அப்புறம் உங்ககிட்ட பேச்சு வாங்க முடியாதுங்க." இப்படி முன்னாலேயே சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். கதவின் ஓரத்தில் துளை போட்டுக் கம்பி விடுவீர்களா என்றும் கேட்டுக்கொண்டேன். சிலர் அப்படிச் செய்து ரப்பர் அடைப்பு போடுவார்கள். துளை போட்ட இடத்தில் அடிப்பூச்சு உடைகிறது, ஈரம் தங்கும் இடத்தில் புதிதாக ஒரு வாசல் திறக்கிறது. இவர் துளை போடாமல் செய்வதாகச் சொன்னார்.

முன் கதவையும் பின் கதவையும் அவரிடமே கொடுத்தோம். என் கணக்குப்படி முன் கதவுப் பள்ளத்தை விட்டிருக்கலாம். ஆனால் அக்கா ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்துதான் ஏறுகிறாள். பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது என்றால் அதுவும் ஒரு செலவுதான். அதைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல நான் யார்? பெயின்ட் போகாமல், சொன்ன நேரத்துக்குள், பெயின்ட் வேலையின் மதிப்பீட்டில் பாதிகூட வராத செலவில் இரண்டும் முடிந்தது. பின் கதவில் தழும்பு இருக்கிறது. தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

பம்பர், பானட், கூரை

பம்பர் பாலிப்ரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். துரு பிடிக்காது என்பதால் அவசரம் கிடையாது. ஆனால் மேலே அமுங்கியதற்குப் பின்னால் கொக்கியோ தாங்கியோ உடைந்திருக்கலாம் என்பதால் முதலில் அதைத்தான் பார்த்தோம். பம்பருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சரியாக இருந்தது, பின் விளக்குக்குள் ஈரம் இல்லை. கொதித்த தண்ணீரை ஊற்றி, பிளாஸ்டிக் இளகியதும் கையுறை போட்ட கையால் உள்ளிருந்து தள்ளினோம். மூலை வெளியே வந்துவிட்டது. சூடான காற்றடிக்கும் ஹீட் கன் வைக்கத் தோன்றும். அது சட்டென்று பிளாஸ்டிக்கை உருக்கி, பெயின்டையும் கொப்பளிக்க வைத்துவிடும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதே அதன் பாதுகாப்பு. ஒட்டியிருந்த சிவப்பு, ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையில் போய்விட்டது. அடியில் ஒரு கீறல் பிளாஸ்டிக் வரை இறங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டோம்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பம்பருக்குப் பின்னால், சுற்றியுள்ள வண்டிகளைக் கண்டறியும் ரேடார் இருந்தால் இந்த வேலையெல்லாம் வேறு கணக்கு. அந்த ரேடார் இப்போது பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது, அங்கே அலைநீளமே சுமார் 4 மில்லிமீட்டர்தான். அதன்முன் பட்டியோ கூடுதல் பெயின்டோ வந்தால் அலை சரியாகப் போய்த் திரும்பாது. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் குறிப்பைப் பார்க்காமல் அந்த இடத்தில் கைவைக்க விடாதீர்கள்.

பானட்டின் கல் புள்ளிகளில் சில பிரைமர் வரை, இரண்டொன்று தகடு வரை. இது வீட்டு வேலை. காரில் ஒட்டியிருக்கும் பட்டையில் நிறக் குறியீடு இருக்கும். அந்தக் குறியீட்டுக்கான டச்-அப் பெயின்ட் வாங்கினோம். எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்து, தகடு தெரிந்த இடத்தில் பிரைமர் புள்ளி வைத்து, காய்ந்ததும் நிறத்தை மெல்லியதாக இரண்டு மூன்று முறை தொட்டு வைத்தோம். ஒரே தடவையில் சொட்டாக வைத்தால் மேடாக நிற்கும். கிட்டப் போனால் புள்ளிகள் தெரியத்தான் செய்கின்றன. துரு வராமல் இருக்கவே இதைச் செய்தோம், மறைக்க இல்லை.

கூரையைத் தொடவே இல்லை. உள்ளிருந்து தள்ள வேண்டும் என்றால் கூரைத் துணியை இறக்க வேண்டும், அதன் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் ஓடுகிறது. யார் கண்ணிலும் படாத பள்ளத்துக்காக அதைக் கிளற வேண்டியதில்லை. ஹேர் டிரையரில் சூடாக்கிப் பனிக்கட்டி வைத்தால் ஒடுக்கு தானே குதித்து வரும் என்று அக்கா எங்கேயோ பார்த்திருந்தாள். எஃகு ஒரு டிகிரிக்கு, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். பத்து சென்டிமீட்டர் தகட்டை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். டப்பா மூடி மாதிரி உள்ளே வெளியே துள்ளும் நிலையில் உள்ள ஒடுக்கு வேண்டுமானால் வரலாம், மற்றதெல்லாம் அசையாது.

காப்பீடும் விற்பனையும்

காப்பீட்டில் கேட்கலாமா என்றும் யோசித்தோம். ஆறும் வெவ்வேறு நாளில் வந்தவை. பொதுவாக ஒவ்வொரு சம்பவமும் தனிக் கோரிக்கை. ஒவ்வொன்றிலும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு போகும், கோரிக்கை இல்லாத வருஷங்களுக்காகச் சேர்ந்த சலுகையும் போகலாம். பாலிசியை எடுத்துப் படித்துக் கூட்டிப் பார்த்ததில் சொந்தப் பணத்தில் செய்வதே லாபமாக வந்தது. பெரிய அடி ஒன்று விழுந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

விற்பனையைப் பற்றி: வாங்க வருகிறவர் ஒடுக்கைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பார், அது உண்மை. ஆனால் பெயின்ட் தடிமன் அளக்கும் சிறு கருவி இப்போது பலர் கையில் இருக்கிறது. 120 மைக்ரான் காட்ட வேண்டிய கதவு 300 காட்டினால் திரும்பப் பெயின்ட் அடித்தது தெரிந்துவிடும். 800, 1000 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது. உடனே "என்ன விபத்து?" என்ற கேள்வி வரும். வாங்குகிறவர் பக்கம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் நான். கண்ணெதிரே தெரியும் ஒடுக்குக்கு ஒரு விலை பேசி முடித்துவிடலாம். மூடி வைத்த கதவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அங்கே பேரம் சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் காரில் இப்போது சக்கர வளைவுப் பேனல் மட்டும்தான் அப்படி எண் காட்டும். அதற்காக, கழற்றிய நிலையில் துருவையும், தேய்த்த பிறகு இரும்பையும் படம் எடுத்து, பட்டறை ரசீதோடு வைத்திருக்கிறோம்.

அடுத்த வருஷமே விற்பதாக இருந்தால் பானட் புள்ளிகளையும் சக்கர வளைவையும் மட்டும் செய்து, கதவுகளை விட்டிருப்பேன். குத்தகைக் காராக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் முன், எந்த அளவு வரை சாதாரணத் தேய்மானம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பதைப் படித்து, அதைத் தாண்டியதை மட்டும் வெளியே சரிசெய்வேன். அதுவும் குத்தகை நிறுவனமே போடும் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு. அலுமினியப் பேனலாக இருந்தால் அதற்கென்று தனிக் கருவியும் பழக்கமும் உள்ளவரைத் தேடியிருப்பேன். அங்கே காந்தம் ஒட்டாது, துருவுக்குப் பதில் பெயின்டின் அடியில் வெள்ளைப் பொடி கிளம்பும்.

இன்னொன்றும் செய்தோம். கதவில் அடி வாங்கியது எல்லாம் அவள் அலுவலக நிறுத்துமிடத்தில், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில் நெருக்கி நிறுத்துவதால்தான். இப்போது சற்றுத் தள்ளி, சுவரோரமாக உள்ள கடைசி இடத்தில் வலது பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துகிறாள். சக்கர வளைவில் புதுப் பெயின்ட் ஆறுவதற்காகச் சில வாரம் மெழுகு போட வேண்டாம் என்று பெயின்டர் சொல்லியிருந்தார், அதுவரை வெறும் தண்ணீர்க் கழுவல்தான். மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பிளாஸ்டிக் மறைப்பைத் திரும்பக் கழற்றி, உள்விளிம்பில் சேறு சேர்ந்திருக்கிறதா, பழுப்பு தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.